ஒரு நூல் வலப்பக்கம்

என் வீட்டுக்காரர் வாழ்நாளில் அதிகம் சொன்னது என் பெயரை இல்லை. "நேரா பாருங்க" என்பதைத்தான். முப்பது வருஷமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறார். பாஸ்போர்ட்டுக்கு, பள்ளிக்கூட அட்டைக்கு, வேலை விண்ணப்பத்துக்கு என்று முகம் காட்ட வருகிறவர்களை முக்காலியில் உட்கார வைத்து, "நேரா பாருங்க. தாடையைக் கொஞ்சம் இறக்குங்க. மூச்சை விடுங்க" என்பார். மூன்றையும் அதே வரிசையில், அதே குரலில் சொல்வார். தெருப் பிள்ளைகள் இவருக்கு வைத்திருக்கும் பெயரே 'நேரா பாரு மாமா'. அப்படிப்பட்ட மனுஷனின் கழுத்துதான் இடது பக்கம் திரும்பிக்கொண்டு, இனி நேராக வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

ஸ்டுடியோ கீழே, வீடு மேலே. காலர் சரி செய்வது, எண்ணெய் வழிகிற நெற்றிக்குப் பவுடர் கொடுப்பது, அச்சான படங்களை நறுக்கி உறையில் போடுவது எல்லாம் என் வேலை. கைக்குழந்தைக்குப் படம் என்றால் வெள்ளைத் துணியை எடுப்பதும் நான்தான். கைக்குழந்தைக்குக் கழுத்து நிற்காது, தானாக உட்காரவும் தெரியாது. ஆனால் படத்தில் வேறு ஆள் தெரியக் கூடாது என்று சட்டம். அதனால் அம்மாவை உட்கார வைத்துத் தலையோடு வெள்ளைத் துணியால் மூடிவிட்டு, மடியில் பிள்ளையை வைப்போம். துணிக்குள்ளிருந்து அவள் கை பிள்ளையின் பின்னந்தலையைத் தாங்கிக்கொள்ளும். படத்தில் பிள்ளையும் வெள்ளையும் மட்டும்தான் இருக்கும். உள்ளே இருக்கிற அம்மாக்கள் "எடுத்தாச்சா, எடுத்தாச்சா" என்று கேட்டுக் கேட்டு உயிரை வாங்குவார்கள்.

கழுத்து விஷயம் ஒரே நாளில் வந்ததில்லை. முதலில் சாப்பிடும்போது முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டார். சரி, குழம்பில் உப்பு கூடிவிட்டது, கோபம் போல என்று நானும் இரண்டு நாள் பேசாமல் வீம்பாக இருந்தேன். மூன்றாவது நாள் அவரே, "ஏன் பேச மாட்டேங்கறே?" என்று கேட்டார். அப்போதும் முகம் சுவரைப் பார்த்துத்தான் இருந்தது. கடையில் யாருக்கும் தெரியவில்லை. கேமராவைத் தூக்கிக் கன்னத்தில் வைத்தால் தலை தானாக நேராக வந்துவிடும். இறக்கினால் மறுபடி இடது பக்கம் போய்விடும். படம் எடுக்கிறவரைக் கேமரா இல்லாமல் யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

பெரிய டாக்டர் பார்த்துவிட்டு இதற்கு டிஸ்டோனியா என்று பெயர் சொன்னார். மூளையிலிருந்து கழுத்துத் தசைக்குத் தப்பான கட்டளை போகிறதாம், தசை தானாக இழுத்துக்கொள்கிறதாம். யாருடைய தப்பும் இல்லை என்று இரண்டு தடவை சொன்னார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கழுத்தில் ஊசி. ஊசி இழுப்பைத் தளர்த்தும், தளர்ந்த கழுத்துக்குப் பழக்கம் சொல்லிக்கொடுக்க ஃபிசியோதெரபிக்குப் போங்கள் என்று அனுப்பினார்.

அவசரமும் இருந்தது. எங்கள் மகள் வெளிநாட்டில் படிக்கிறாள். இன்னும் ஐந்து மாதத்தில் பட்டமளிப்பு. எங்கள் இருவருக்கும் இருக்கை வாங்கி வைத்துவிட்டாள். ஸ்டுடியோ ஆணியில் பட்டம் வாங்குகிறவர்கள் போட்டுக்கொள்ள ஒரு கறுப்பு அங்கி தொங்கும். ஊரில் பாதிப் பேருடைய பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு படம் எடுத்திருக்கிறார்கள். ஐந்து வயதில் என் மகள் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறி நிற்பாள். "நிஜமா போடும்போது அப்பா எடுக்கறேன்" என்று இவர் வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கைக் காப்பாற்ற இவர் போக வேண்டும். போக பாஸ்போர்ட் வேண்டும். பழையது காலாவதி. புதியதற்குப் படம் வேண்டும், நேராகப் பார்க்கிற படம், முகத்தில் கை இல்லாத படம்.

ஃபிசியோ பார்க்கிற இடத்தில் சுவரெல்லாம் கம்பிகள், கலர் கலராக ரப்பர் பட்டைகள். நடுவில் ஆள் உயரக் கண்ணாடி, அதன் மேல் உச்சியிலிருந்து தரை வரை ஒரு கறுப்பு ஒட்டு நாடா. ஃபிசியோவுக்கு என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். கையை மட்டும் பார்த்தால் பத்து வருஷம் மாவு பிசைந்தவள் என்று சொல்லலாம். நாங்கள் அவளை ஃபிசியோ பொண்ணு என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம்.

"சார், கண்ணை மூடிக்கோங்க. தலையை அப்படி இப்படி ஆட்டிட்டு நேரா வாங்க. நேரா வந்ததும் சொல்லுங்க" என்றாள்.

இவர் ஆட்டினார். நிறுத்தினார். "இதோ, நேரா இருக்கு" என்றார்.

"இப்போ கண்ணைத் திறங்க."

கண்ணாடியில் அந்தக் கறுப்புக் கோடு மூக்கு வழியாகப் போகவில்லை. வலது காதுப் பக்கமாகப் போனது. இவர் கோட்டைப் பார்த்தார், தன்னைப் பார்த்தார். வீட்டுக்கு வரும் வழியில்தான் சொன்னார். "அடுத்தவன் தலை ஒரு நூல் சாய்ஞ்சிருந்தாலும் என் கண்ணுக்குத் தெரியும். என் தலை எங்க இருக்குன்னு எனக்கே தெரியலையே."

அதே முதல் நாளில் எனக்கும் ஒரு பாடம் கிடைத்தது. தினம் காலையில் நான் என்ன வைத்தியம் செய்கிறேன் என்று பெருமையாகச் செய்து காட்டினேன். இரண்டு கையாலும் இவர் கன்னத்தைப் பிடித்து, வலது பக்கம் ஒரு தள்ளு.

"அக்கா, அக்கா, விடுங்க" என்று ஓடி வந்தாள். "நீங்க தள்ளினா கழுத்து எதிர்த்துத் தள்ளும். கயிறு இழுக்கற போட்டிதான். அதுல எப்பவும் கழுத்துதான் ஜெயிக்கும்."

"அப்போ ஒண்ணுமே செய்யாம பார்த்துட்டு இருக்கச் சொல்றியா?"

அவள் இவர் பின்னால் போய், பின்னந்தலையில் உள்ளங்கையை லேசாக வைத்தாள். பிடிக்கவில்லை, அழுத்தவில்லை. பத்து எண்ணுவதற்குள் இவர் தலை மெல்ல நடுவுக்கு வந்து நின்றது. எனக்கு ஆச்சரியம் பாதி, எரிச்சல் பாதி. முப்பது வருஷம் கூட வாழ்ந்த என் கைக்குப் பணியாத தலை, நேற்று வந்தவளுக்குப் பணிகிறதே.

"இது எல்லாருக்கும் வேற வேற இடத்துல இருக்கும் அக்கா. சிலருக்குத் தாடையைத் தொட்டா போதும். சாருக்குக் கன்னம் வேலை செய்யுது, அதான் கேமரா வச்சா நேராகுது. பின்னந்தலையும் வேலை செய்யுது. ஏன்னு முழுசா இன்னும் யாருக்கும் தெரியாது. இப்ப நீங்க வச்சுப் பாருங்க."

நான் வைத்தேன். தலை இன்னும் கொஞ்சம் இடது பக்கம் போனது.

"உங்க கை இன்னும் சண்டை போடுது" என்று சிரித்தாள். "கையை வைங்க, வேலை வாங்காதீங்க."

பிறகு இவரிடம், "உங்களுக்கு என்ன சார் செய்யணும்? எதுக்காகக் கஷ்டப்படப் போறோம்?" என்று கேட்டாள்.

"ஒரு பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக்கணும்."

"அதுக்கு டாக்டர் ஒரு கடிதம் கொடுப்பாரே. உடம்புக்கு இப்படின்னு எழுதினா, திரும்பின மாதிரியே படம் வாங்கிப்பாங்க. இதுல வெட்கப்பட ஒண்ணும் இல்ல சார்."

"வெட்கம் இல்லம்மா. என் கடையில இருந்து இதுவரைக்கும் ஒருத்தரையும் தலை கோணி வெளியே அனுப்பினதில்ல. நான் முதல் ஆளா இருக்க மாட்டேன். அந்தப் படம் பத்து வருஷம் நிக்கும்."

"முழுசா போயிடும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாள் அவள், கண்ணைப் பார்த்து. "அடங்கும். பழகும். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

"அது போதும்" என்றார் இவர்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் உடற்பயிற்சி ராஜ்ஜியம். தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்து, மெல்ல வலது பக்கம் திரும்பி ஐந்து மூச்சு நிற்க வேண்டும். வெந்நீரில் நனைத்த துண்டை இறுகின பக்கம் போட்டுத் தளர்த்த வேண்டும். எனக்குப் பிடித்தது நெற்றி விளக்கு. நெற்றிப் பட்டையில் ஒரு சின்ன சிவப்பு விளக்கைக் கட்டிக்கொண்டு, சுவரில் வரைந்த கோட்டின் மேல் அந்த வெளிச்சப் புள்ளியைத் தலையாலேயே நகர்த்திக்கொண்டு போக வேண்டும். முதல் வாரம் புள்ளி குடித்தவன் போலத் தள்ளாடியது. "சுரங்கத்துக்குப் போறீங்களா, வரும்போது ஏதாவது தங்கம் கொண்டு வாங்க" என்று கிண்டல் செய்தேன். "உனக்கு வாய் மட்டும் எந்த மருந்துக்கும் அடங்காது" என்றார்.

ஆறு வாரம் போனது. படுக்கையில் திரும்புகிற கழுத்து எழுந்ததும் பழையபடி இடது பக்கம் ஓடியது. ஃபிசியோ பொண்ணு யோசித்துவிட்டு, "நான் ஒரு தடவை வீட்டுக்கு வந்து பார்க்கட்டுமா?" என்று கேட்டாள்.

வந்தாள். டீயைக்கூட அப்புறம் என்று சொல்லிவிட்டு, இவர் உட்காருகிற இடத்திலெல்லாம் தானும் உட்கார்ந்து பார்த்தாள். சாப்பாட்டு மேஜை, டிவி நாற்காலி, கட்டில், கீழே கல்லாப் பக்கம், கம்ப்யூட்டர் முன்னால். ஒவ்வொரு இடத்திலும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். எனக்குள்ளே பெருமைதான். இவருக்குச் சிரமம் இருக்கக் கூடாது என்று ஒன்றரை வருஷமாக வீட்டையே நான் மாற்றி வைத்திருந்தேன். கழுத்து எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் டிவி, அந்தப் பக்கம் தண்ணீர்ச் சொம்பு, காலண்டர், கடிகாரம். கம்ப்யூட்டர் திரையையும் இடது மூலைக்குத் தள்ளியிருந்தேன். சாப்பிடும்போதும் படுக்கும்போதும் நானும் இடது பக்கம்தான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். "இந்த வீட்ல சாரோட வலது பக்கம் என்ன இருக்கு?"

திரும்பிப் பார்த்தேன். சுவர் இருந்தது. மேஜைக்கு வலப்பக்கம் சுவர், கட்டிலுக்கு வலப்பக்கம் சுவர், கீழே கடையில் வலப்பக்கம் காலி அட்டைப் பெட்டிகள்.

"அவருக்கு வலிக்கக் கூடாதுன்னுதான்..." என்றேன்.

"தெரியும் அக்கா. இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செஞ்ச வீட்டை நான் பார்த்ததே இல்ல. ஆனா வலது பக்கம் திரும்ப அந்தக் கழுத்துக்கு ஒரு காரணமும் இல்லாம போச்சு."

நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். இத்தனை நாளும் நான் அல்லவா இந்த மனுஷனை இடது பக்கமே இழுத்து வைத்திருக்கிறேன் என்று தோன்றியது. கூடத்தில் இவர் சொல்வது காதில் விழுந்தது. "அவளை ஒண்ணும் சொல்லாதம்மா. எனக்காகத்தான் செஞ்சா. நான்தான் சுகமா இருக்குன்னு விட்டுட்டேன்." அவள், "நான் திட்டவே இல்ல சார். அக்கா மாறினா பாதி வேலை முடிஞ்சது" என்றாள்.

மறுநாளே மேஜையையும் கட்டிலையும் சுவரிலிருந்து தள்ளி, வீட்டைப் புரட்டிப் போட்டேன். டிவி, சொம்பு, காலண்டர், கடிகாரம் எல்லாம் வலது பக்கம் போயின. நானும் தட்டை எடுத்துக்கொண்டு வலது பக்கம் போய் உட்கார்ந்தேன். முதல் நாள் இவர் முகம் டிவி இருந்த இடத்துக் காலிச் சுவரைப் பார்த்தது, நான் இவர் காதைப் பார்த்தேன். இப்படியே பத்து நாள். "உங்க காதும் நானும் நல்ல சிநேகிதம் ஆயிட்டோம்" என்றேன். சிரித்தாரே தவிரத் திரும்ப முடியவில்லை. பழைய இடத்துக்கே போய்விடலாமா என்று கால் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

பிறகு தற்செயலாக ஒரு வழி கிடைத்தது. எதிர்வீட்டுத் தையல்காரருக்கும் அவர் சம்பந்திக்கும் நடந்த சண்டையை ஒரு மத்தியானம் சொல்லிக்கொண்டிருந்தேன். சம்பந்தி கத்திரிக்கோலை எடுத்தார் என்கிற இடத்தில் எனக்குப் புரையேறி, கதை நின்றுவிட்டது. ஒரு நிமிஷம் ஆனது. இவர் கழுத்து மெல்ல, வழியில் இரண்டு இடத்தில் நின்று நின்று, வலது பக்கம் வந்தது. கண்ணும் கண்ணும் பார்த்தன.

"எடுத்து?" என்றார்.

அதிலிருந்து எந்தக் கதையையும் நான் முழுதாகச் சொல்வதில்லை. சரியான இடத்தில் நிறுத்திவிட்டு அப்பளத்தைக் கடிப்பேன். திரும்பிப் பார்த்தால்தான் மீதி. தெருவில் நடக்கிறது போதாமல் போன நாளில் நானே இட்டுக்கட்டினேன். ஃபிசியோ பொண்ணிடம் சொன்னபோது, "என் பயிற்சியைவிட இது நல்லா இருக்கு, மத்தவங்களுக்கும் சொல்லலாமா?" என்று கேட்டாள். தாராளமாகச் சொல், தையல்காரரை மட்டும் விட்டுவிடு என்றேன்.

மகள் வீடியோவில் வந்தால் இவர் எப்போதும் கன்னத்தில் கை வைத்து, பெரிய சிந்தனையாளர் போல உட்காருவார். கை வைத்தால் தலை நிற்கும், அவளுக்குத் தெரியாது என்று கணக்கு. ஒரு நாள் நான் வேண்டுமென்றே போனை வலது பக்கம் சாய்த்து வைத்தேன். திரும்பும்போது கை நழுவிவிட்டது. தலை ஆடிக்கொண்டே வந்து, நின்று, கொஞ்சம் பின்வாங்கியது. இவர் முகம் செத்துவிட்டது.

"அப்பா, எனக்கு ரொம்ப நாளாத் தெரியும்" என்றாள் அவள். "அம்மா போனை மேஜையில வைக்கும்போது எத்தனை தடவை பார்த்திருக்கேன். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

இவர் தரையைப் பார்த்தார்.

"எப்படி வேணா வாங்கப்பா. படம் மட்டும் நீங்கதான் எடுக்கணும். வேற யாரையும் நான் எடுக்க விட மாட்டேன்."

"வரேன்டா" என்றார். சொல்லிவிட்டுக் கன்னத்துக்குக் கையைக் கொண்டுபோகவே இல்லை.

அப்படிச் சொன்னவர்தான் விண்ணப்பம் கொடுக்க வேண்டிய வாரம் வந்ததும் கலங்கினார். கண்ணாடிக்கு முன்னால் பதினைந்து மூச்சு நிற்கிற கழுத்து, முக்காலியில் உட்கார்ந்து விளக்கைப் போட்டதும் இரண்டு மூச்சுகூட நிற்கவில்லை. கேமராவைத் தாங்கியில் மாட்டிவிட்டு நான் பொத்தானை அமுக்கினேன். அமுக்குவதற்கு முன் நேராக இருப்பார், படத்தில் திரும்பியிருப்பார். மூன்று நாளில் அறுபது படம். ஊராரைப் பதற்றப்படாமல் உட்கார வைக்கிறவருக்குத் தன் பதற்றத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. பதற்றம் கூடினால் இழுப்பும் கூடும் என்று ஃபிசியோ பொண்ணு முன்னமே சொல்லியிருந்தாள்.

"கம்ப்யூட்டர்ல கொஞ்சம் நிமிர்த்திடலாமே. ரெண்டு நிமிஷ வேலை" என்றேன்.

என்னைப் பார்த்த பார்வையில் நான் அந்தப் பேச்சை அப்படியே விழுங்கினேன். "அது சட்டமும் இல்ல, அது நானும் இல்ல" என்றார்.

எதற்கும் இருக்கட்டும் என்று நான் வாங்கி வைத்த டாக்டர் கடிதம் மேஜை டிராயரில் இருந்தது. அதை எடுத்துக்கொடுத்தேன். திரும்ப உள்ளே வைத்து மூடினார். "நாளைக்குக் கடைசி நாள். நீ உன் விண்ணப்பத்தைக் கொடுத்துடு. கேமராவை உன் கையில தரேன், எப்படி எடுக்கணும்னு சொல்லித் தரேன். நீ மட்டும் போய்ட்டு வா."

"அவ உங்களைத்தான் கேட்டா."

"தெரியும்."

"எனக்கு மட்டும் என்ன, அங்க போய் ஒத்தையா நிக்க ஆசையா?" என்று கத்திவிட்டேன். கத்தினால் கழுத்து இழுக்கும் என்று தெரிந்தும் கத்தினேன். இழுத்தது. அதைப் பார்த்துவிட்டு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போய் அவர் தோளில் தலையை வைத்துக்கொண்டேன். எந்தப் பக்கத் தோள் என்று அப்போது நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலை கடை திறந்ததும் ஒரு சின்னப் பெண்ணும் அவள் புருஷனும் இரண்டு மாதக் குழந்தையோடு வந்தார்கள். பாஸ்போர்ட் படம். முதல் பிள்ளை. தூக்கத் தெரியாமல் தூக்கிக்கொண்டு, அந்தப் பெண் ஏற்கெனவே வேர்த்திருந்தாள். வழக்கம்போல அவளை உட்கார வைத்து வெள்ளைத் துணியால் மூடினேன். குழந்தையை வாங்கி மடியில் வைத்தேன். தலை ஒரு பக்கம் தொய்ந்தது.

"பயப்படாதம்மா" என்றேன் துணியைப் பார்த்து. "இறுக்கிப் பிடிக்காதே. பின்னந்தலைக்குப் பின்னாடி கை இருந்தா போதும்."

துணிக்கடியில் அவள் விரல்கள் விரிவது தெரிந்தது. குழந்தையின் தலை அந்தக் கையில் சாய்ந்து நின்றது. கண்ணை அகலத் திறந்து இவரைப் பார்த்தது. கன்னத்தில் கேமராவோடு இவர், "நேரா பாருங்க" என்றார், அதற்கு ஏதோ விளங்குகிற மாதிரி. கிளிக். "எடுத்தாச்சா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவர்கள் போன பிறகு துணியை மடிக்கப் போனவள் பாதியில் நின்றுவிட்டேன். இறுக்கிப் பிடிக்காதே, கை இருந்தா போதும் என்று அவளுக்குச் சொன்னது நான்தானே.

"ஏங்க, முக்காலியில உட்காருங்க" என்றேன்.

"எதுக்கு?"

"கழுத்து நிக்காத பிள்ளைக்கு நாம எப்படி எடுப்போம்?"

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. ஐம்பத்தாறு வயது மனுஷனைக் கைக்குழந்தை என்கிறேனே, ரோஷம் பொத்துக்கொண்டு வரப்போகிறது என்று நின்றேன். இவர் துணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என்னைப் பார்க்க வலது பக்கம் திரும்பித்தான் பார்த்தார். பிறகு எழுந்து போய் விளக்கைக் கொஞ்சம் நகர்த்தினார்.

"நீ உள்ள உட்கார்ந்தா நிழல் இந்தப் பக்கம் விழும்" என்றார்.

முக்காலிக்குப் பின்னால் உயரமான நாற்காலியைப் போட்டேன். துணியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முப்பது வருஷத்தில் எத்தனையோ அம்மாக்களை மூடியிருக்கிறேன், உள்ளே எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். சோப்பு வாசனை. சுற்றிலும் வெள்ளை வெளிச்சம். என் மூச்சே எனக்குச் சூடாக இருந்தது. கேமராவைத் தாங்கியில் மாட்டிவிட்டு, பொத்தான் வைத்த நீள வயரைக் கையில் பிடித்துக்கொண்டு இவர் வந்து உட்காருவது முக்காலி கிறீச்சிட்டதில் தெரிந்தது.

துணியோடு சேர்த்துக் கையை நீட்டினேன். பின்னந்தலை பட்டது. முடி நரைத்த பிறகு மெலிந்துபோயிருந்தது. அதற்குக் கீழே தசை துடித்து இழுத்தது. தலை இடது பக்கம் போனது, என் கையும் கூடவே போனது. தள்ளு, தள்ளு என்று ஐந்து விரலும் அடித்துக்கொண்டன. நான் தள்ளவில்லை. வைத்த கையை வைத்தபடி இருந்தேன். இவர் எனக்கு வேண்டும், நேராக இருந்தாலும் சரி, திரும்பியிருந்தாலும் சரி, கூட வந்தால் போதும் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

உள்ளேயிருந்தே சொன்னேன். "நேரா பாருங்க."

ஒன்றும் நடக்கவில்லை.

"தாடையைக் கொஞ்சம் இறக்குங்க."

தாடை இறங்கியது.

"மூச்சை விடுங்க."

இவர் மூச்சை விட்டார். விடும்போது தோள் இரண்டும் தாழ்ந்தன. அந்தத் தலை என் உள்ளங்கையில் மெல்லத் திரும்பி வந்து, பாரமாகச் சாய்ந்து, நின்றது. ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. மூன்றாவது மூச்சில் கிளிக் என்று கேட்டது.

"எடுத்தாச்சா?" என்று கேட்டேன்.

துணியை விலக்கிக்கொண்டு, கலைந்த தலையோடு வெளியே வந்தேன். இவர் கம்ப்யூட்டர் முன்னால் நின்றிருந்தார். திரையில் வெள்ளைக்கு நடுவே இவர் இருந்தார். இரண்டு காதும் தெரிய, இரண்டு கண்ணும் என்னைப் பார்க்க. ஒன்றரை வருஷத்துக்கும் மேலாக நான் பார்க்காத முகம். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை, கையில் இருந்த துணியால் மூக்கைச் சிந்திவிட்டேன்.

இவர் வாடிக்கையாளர் படத்தைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார். கிட்டே போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"ஒரு நூல் வலப்பக்கம் சாய்ஞ்சிருக்கு" என்றார். "இன்னொண்ணு எடுத்துடலாம். நீ உள்ள போ."

நானும் குனிந்து பார்த்தேன். முப்பது வருஷமாகப் படம் நறுக்குகிற கண் எனக்கும் இருக்கிறது. நூலும் இல்லை, சாய்வும் இல்லை. அதைச் சொல்லத் திரும்பினால், இவர் அதற்குள் முக்காலியில் போய் உட்கார்ந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காத்திருந்தார். நான் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.